மதுரைக்கு முன்னால் ஒரு ஸ்கேன்

ராமேஸ்வரத்திலிருந்து தொண்டி வரைக்கும் எங்கள் கரையில் பக்கவாதம் வந்து ஒருவர் இறந்துபோனால், துக்க வீட்டுப் பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது ஒருத்தர் இதைச் சொல்லாமல் எழுந்து போவதில்லை: "எங்கேயும் நிப்பாட்டாம நேரா மதுரைக்குக் கொண்டு போயிருந்தா ஆளக் காப்பாத்தியிருக்கலாம்." பக்கத்தில் இருப்பவர்கள் ஆமாம் போடுவார்கள். மகனோ மருமகனோ ஒருத்தன் தலையைக் குனிந்துகொள்வான். அடுத்து தங்கள் வீட்டில் யாருக்காவது கைகால் இழுத்துக்கொண்டால் ராமநாதபுரத்தில் வண்டியை நிறுத்தவே கூடாது என்று அந்தப் பந்தலிலேயே நான்கு பேர் மனதுக்குள் முடிவு செய்துவிடுவார்கள்.

பாம்பனில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள், யார் பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதனாலேயே அந்தப் பந்தல்களில் உட்காருவது கஷ்டமாக இருக்கும். மதுரையை நான் குறை சொல்லவில்லை. மூளை ஆபரேஷன் செய்யும் வசதியும் அதற்கான டாக்டர்களும் அங்கேதான் அதிகம். ஆனால் மூளைக்குள் ரத்தம் கசிந்து வரும் பக்கவாதத்தில், எந்த ஊர் ஆஸ்பத்திரியில் படுக்கிறோம் என்பதைவிட முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் பெரிது என்று நம்புகிறேன். பாம்பனிலிருந்து ராமநாதபுரம் 40 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து பரமக்குடி, மானாமதுரை தாண்டி மதுரைக்கு இன்னும் 100 கிலோமீட்டருக்கு மேல். அந்த இரண்டாவது தூரத்தை ஸ்கேன் எடுக்காமல், பிரஷரைக் குறைக்காமல் கடந்து போவதுதான் எனக்கு வருஷக்கணக்காக உறுத்திக்கொண்டிருந்தது. என் மதினிக்கு வந்த பிறகு அதை எழுதியே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது.

மண்டைக்குள் நடப்பது

பக்கவாதத்தில் அடைப்பு ஒரு வகை, கசிவு ஒரு வகை என்பது இப்போது பலருக்கும் தெரிந்த சங்கதி. அடைப்பில் வருவதுதான் அதிகம். கசிவு எண்ணிக்கையில் குறைவு, ஆனால் ஆளைச் சாய்ப்பதில் முந்தி நிற்பது. மூளைத் திசுவுக்குள்ளேயே ரத்தம் கசிந்தவர்களில் பத்தில் நான்கு பேர் வரை ஒரு மாதத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். தெரிந்திருந்தும் நாம் மனதில் வாங்கிக்கொள்ளாதது ஒன்று உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வாய் கோணுவது, ஒரு பக்கக் கை தொங்குவது, பேச்சு குழறுவது எல்லாம் இரண்டிலும் வரும். கடும் தலைவலி, வாந்தி, சீக்கிரமே மயக்கத்துக்குள் போவது ஆகியவை இருந்தால் கசிவாக இருக்கலாம் என்று சந்தேகிக்கலாமே தவிர, எவ்வளவு அனுபவமுள்ள டாக்டரும் கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது. 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கும்வரை, உயிரோடு இருப்பவரின் மூளைக்குள் ரத்தம் நிற்கிறதா என்று படமாகப் பார்ப்பதற்கு உலகத்தில் வழியே கிடையாது. இன்றைக்கு அது சில நிமிட வேலை. புது ரத்தம் அந்தப் படத்தில் வெள்ளையாகத் தெரியும்.

கசிவில் பெரும்பங்கு பிரஷரால் வருவது. மூளையின் ஆழத்துக்குப் போகும் ரத்தக்குழாய்கள் ஒரு மில்லிமீட்டர்கூடக் கனம் இல்லாதவை. அவை பெரிய குழாயிலிருந்து நேரடியாகப் பிரிவதால், பெரிய குழாயின் அழுத்தம் முழுவதும் இவற்றின் சுவரில் இறங்குகிறது. வருஷக்கணக்கில் பிரஷர் 160, 170 என்று நின்றால் அந்தச் சுவர்கள் நலிந்துபோகும். வெளியே ஒன்றும் தெரியாது, தலைவலிகூட வராது. எங்கள் கரையில் வீடு கட்டியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். உப்புக்காற்றில் சிலாப்புக்குள் இருக்கும் கம்பி வருஷக்கணக்கில் இற்றுக்கொண்டே இருக்கும், கீழே சுண்ணாம்பு அடித்த கூரை பார்க்க நன்றாகவே இருக்கும், ஒரு நாள் காரை பெயர்ந்து விழும்போதுதான் கம்பி போனதே தெரியும். அதனால்தான் "நேத்து வரைக்கும் நல்லா இருந்தாரே" என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். நேற்று வரைக்கும் நன்றாக இருந்ததாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

குழாய் வெடித்த அந்த நொடியோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. இதைத்தான் அந்தப் பந்தலில் பேசுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தவித்திருக்கிறேன். கசிந்த ரத்தம் மூளைத் திசுவை விலக்கிக்கொண்டு இடம் பிடிக்கிறது. பக்கத்தில் இருக்கும் சின்னக் குழாய்களும் அதில் கிழிகின்றன. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு முதல் சில மணி நேரங்களில் அந்த ரத்தக்கட்டி வளர்கிறது. மண்டையோடு விரிந்து கொடுக்காத கூடு. கட்டி வளர்ந்தால் மூளைதான் நசுங்க வேண்டும். வீட்டில் விழும்போது பேச்சு மட்டும் குழறியவர், மானாமதுரை தாண்டும்போது கண்ணைத் திறக்காமல் போவது இதனால்தான். அந்த நேரத்தில் மேல் பிரஷர் 220, 230 என்று நிற்கும். அதைக் குறைக்காமல் வண்டி எவ்வளவு வேகமாக ஓடினாலும் உள்ளே கசிவு நிற்க எந்த உதவியும் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

உச்சிப்புளிச் சாலையில்

மதினி பாசி எடுக்கப் போகிறவர். தென்கடலில் கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியை மூச்சடக்கி முங்கி முங்கிப் பறித்து வருகிற வேலை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடலுக்குப் போவார். மற்ற நாட்களில் கருவாட்டு வேலை. பிரஷர் இருப்பது தெரியும். மாத்திரை சில மாதம் ஓடும், சில மாதம் ஓடாது. கேட்டால், "மூச்சடக்கி முங்குறவளுக்குத் தலை வலிக்கத்தான் செய்யும் தம்பி, வலிச்சா போட்டுக்கிறேன்" என்பார். தலைவலி மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் அவர் ஒரே டப்பாவில்தான் வைத்திருந்தார்.

ஒரு சாயங்காலம் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தவரின் வலது கையிலிருந்து மீன் நழுவியது. எடுக்கப் போன கை எழவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் கூப்பிட்டுக் கேட்டதற்கு வார்த்தை வரவில்லை, சத்தம்தான் வந்தது. கடையிலிருந்து பிரஷர் மிஷினை எடுத்துக்கொண்டு நான் ஓடியபோது ஒருத்தர் சோடாவோடு நின்றார், ஒருத்தர் விரல் நுனியில் ஊசியால் குத்த வேண்டும் என்று போனில் வந்ததைப் படித்துக்கொண்டிருந்தார். விழுங்கும் சக்தி போயிருக்கும்போது வாயில் ஊற்றும் எதுவும் நுரையீரலுக்குள் போகும். ஊசிக் குத்துக்கும் மூளைக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டையும் தடுத்துவிட்டு இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தோம். வாந்தி எடுத்தார். பிரஷர் 230-க்கு 130. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை கொடுங்கள் என்று அண்ணன் கெஞ்சினார். அந்த மாத்திரை பிரஷரைக் கண்டபடி சரித்துவிடும், வந்திருப்பது அடைப்பாக இருந்தால் மிச்சமிருக்கும் மூளைக்கும் ரத்தம் போகாமல் போய்விடும் என்று சொன்னேன். ஆஸ்பிரினும் ஸ்கேனுக்கு முன்னால் கொடுக்கக் கூடாது. 2023-இல் அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் மாரடைப்புக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் உள்ளிட்ட மாத்திரைகள் கொடுத்து அனுப்புகிறார்கள். நல்ல திட்டம், அதைப் பார்த்துவிட்டுப் பக்கவாதத்துக்கும் அதே மாத்திரையைக் கேட்டு என் கடைக்கு வருகிறார்கள். ஸ்கேன் பார்க்காமல் அதைக் கொடுப்பது, கசிகிற குழாயை இன்னும் கசியச் சொல்வது.

108 வந்தது. அண்ணன் மகன் வண்டிக்குள் ஏறியதிலிருந்து போனை வைக்கவில்லை. பாலம் தாண்டி மண்டபம் வருவதற்குள் மதுரையில் இருக்கும் உறவுக்காரர் பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி வைத்துவிட்டதாகச் சொல்லிவிட்டார். உச்சிப்புளி வரும்போது அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "சித்தப்பா, ராம்நாட்ல நிக்கவே வேணாம். நேரா மதுரைக்கே போயிருவோம். அங்க சொல்லியாச்சு." அவன் கண் கலங்கியிருந்தது, அவன் கேட்டதில் தப்பு எதுவும் இல்லை, ஊர் முழுக்க அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான். வண்டியில் இருந்த உதவியாளர் தம்பிக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அண்ணே, உள்ள அடைச்சிருக்கா, கசியுதான்னே இன்னும் நமக்குத் தெரியல. தெரியாம என்னால இவங்களுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. ராம்நாட்ல ஸ்கேன் எடுத்துருவோம். தெரிஞ்சுக்கிட்டு மதுரைக்குப் போறதுன்னா போவோம்." நான் அவர் பக்கம் நின்றேன். மகன் வெளியே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான்.

அந்தத் தம்பி சொன்னது எவ்வளவு கனமான வார்த்தை என்பது எனக்குப் பின்னால்தான் முழுசாகப் புரிந்தது. 2024-இல் சீனாவில் செய்த ஓர் ஆய்வு வெளியானது. ஆம்புலன்ஸிலேயே, ஸ்கேனுக்கு முன்னாலேயே பிரஷரைக் குறைக்க ஊசி போட்டால் என்ன ஆகும் என்று 2,000-க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்திருக்கிறார்கள். கசிவு இருந்தவர்களுக்கு அது நல்லது செய்தது. அடைப்பு இருந்தவர்களுக்கு அதே ஊசி கெடுதல் செய்தது. ஒரே மருந்து, ஒரே அறிகுறி, இரண்டு எதிர் எதிர் விளைவு. வழியில் எதையாவது செய்து பிரஷரைக் குறைத்துக்கொண்டு மதுரைக்குப் போய்விடலாம் என்பதற்கும் வழியில்லை, குறைக்காமல் போகலாம் என்பதற்கும் வழியில்லை. கிட்டத்தில் இருக்கும் ஸ்கேன் மிஷின் முன்னால் வண்டி நின்றே ஆக வேண்டும்.

ராமநாதபுரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். திரையில் மூளையின் இடது பக்கம், ஆழத்தில், ஒரு வெள்ளைத் திட்டு. டாக்டர் அதன் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, எத்தனை அடுக்கில் தெரிகிறது என்று எண்ணி, பெருக்கிப் பாதியாக்கி, "சுமார் 18 மில்லி" என்றார். 30 மில்லிக்கு மேல் போனால் ரொம்பக் கஷ்டம் என்றார். அதற்குள் நர்ஸ் பிரஷரைக் குறைக்கும் லேபட்டலால் ஊசியை நரம்பில் மெதுவாக ஏற்றத் தொடங்கியிருந்தார். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தினார்கள். கையில் கட்டிய பட்டை சில நிமிடத்துக்கு ஒரு தடவை தானாக உப்பி அடங்கும். ஒவ்வொரு தடவையும் மகன் எழுந்து திரையைப் பார்ப்பான். 218. 204. 190. இன்னொரு ஊசி. 171. ஒரு மணி நேரத்துக்குள் மேல் பிரஷர் 140-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. 130-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ரொம்பச் சரித்தாலும் சிறுநீரகம் அடிவாங்கும் என்று டாக்டர் நர்ஸிடம் சொன்னது காதில் விழுந்தது. சர்க்கரை பார்த்தார்கள், காய்ச்சல் பார்த்தார்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று மூன்று பேர் மூன்று தடவை கேட்டார்கள். வால்வு மாற்றி அசிட்ரோம் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு. அவர்களுக்குக் கசிவு வந்தால் அந்த மாத்திரையின் வேலையை உடனே முறிக்க வேண்டும். அதனால் அந்தச் சீட்டு எப்போதும் ஆளோடு இருக்க வேண்டும்.

மதுரைக்குப் போக வேண்டும் என்று கிளம்பிய எங்களுக்கு, அந்த ஒரு மணி நேரத்தில் நடந்ததெல்லாம் சின்ன வேலையாகத்தான் தெரிந்தது. ஓர் ஊசி, ஒரு பட்டை, ஒரு தெர்மாமீட்டர். ஆனால் இந்தச் சின்ன வேலைகளை ஒரே மூச்சில், ஒரு மணி நேரத்துக்குள் செய்து முடிப்பதுதான் சிகிச்சை என்று 2023-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. 10 நாடுகளில் 7,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். இந்தியாவும் உண்டு, எங்களுக்கு எதிர்க்கரையான இலங்கையும் உண்டு. மேல் பிரஷரை 140-க்குக் கீழே கொண்டுவருவது, சர்க்கரையையும் காய்ச்சலையும் கட்டுக்குள் வைப்பது, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை முறிப்பது ஆகிய இந்த நான்கையும் சேர்த்துச் செய்த இடங்களில் செத்தவர்கள் குறைவு, எழுந்து நடமாடியவர்கள் அதிகம். இதில் எதற்கும் மூளை ஆபரேஷன் தியேட்டர் வேண்டியதில்லை. மாவட்டத் தலைநகரில் செய்ய முடிகிற காரியங்கள்.

கத்தி வைக்காதது ஏன்

மகனுக்கு மனசு ஆறவில்லை. "ஆபரேஷன் பண்ணி அந்த ரத்தத்த எடுத்துருங்க சார், எவ்வளவு ஆனாலும் கட்டுறோம்." டாக்டர் அவனை உட்கார வைத்துப் படத்தைக் காட்டினார். திட்டு இருப்பது ஆழத்தில். அங்கே போக வேண்டுமானால் நல்ல மூளையைக் கிழித்துக்கொண்டுதான் போக வேண்டும். மதுரையில் இருக்கும் மூளை அறுவை டாக்டருக்கும் படத்தை அனுப்பியிருந்தார்கள். அவரும் வேண்டாம் என்றே சொன்னார். 2005-இல் 1,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், உடனே மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்தவர்களுக்கும் மருந்தோடு கவனித்துக்கொண்டவர்களுக்கும் முடிவில் வித்தியாசம் இல்லாமல் போனது. இப்போது சின்ன ஓட்டை வழியாக எடுக்கும் முறையில், மேலாக இருக்கும் கசிவுகளுக்குப் பலன் தெரியத் தொடங்கியிருக்கிறது. ஆழத்தில் இருப்பதற்கு அந்தத் தெளிவு இன்னும் வரவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் சொல்வது பாதி உண்மையாகிவிடும். சிறுமூளையில், அதாவது பின்மண்டைப் பக்கம் கசிந்து கட்டி பெரிதாக இருந்தால் ஆபரேஷன்தான் உயிரைக் காக்கும், அதுவும் உடனே. மூளைக்குள் நீர் ஓடும் அறைகளில் ரத்தம் இறங்கி அடைத்தால் குழாய் வைத்து வடிக்க வேண்டும். மூளையைச் சுற்றிய உறைக்குக் கீழே கசிவது இன்னொரு ரகம். வாழ்நாளில் வராத தலைவலி ஒரே நொடியில் உச்சிக்கு ஏறும், கழுத்து விறைக்கும். பல பேருக்குக் காரணம் குழாயில் இருக்கும் சின்னப் புடைப்பு. அதை அடைக்காவிட்டால் மறுபடி வெடிக்கும். இவர்களெல்லாம் மதுரைக்குப் போகத்தான் வேண்டும், சீக்கிரம் போக வேண்டும். ஆனால் இன்னார் இந்த வகை என்று சொல்வது அந்த ஸ்கேன்தானே? ஸ்கேன் எடுத்து, பிரஷர் கட்டுக்குள் வந்து, டாக்டர் டாக்டரிடம் பேசி, தெரிந்து போகிற பயணம் வேறு. பயத்தில் ஓடுகிற பயணம் வேறு.

ஆறு மணி நேரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். திட்டு பெரிதாகவில்லை. மகன் அப்போதுதான் டீ குடித்தான். அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று இல்லை. அடுத்த சில நாட்கள் கட்டியைச் சுற்றி மூளை வீங்கும், மதினி தூங்கிக்கொண்டே இருந்தார், எழுப்பினால் கண்ணைத் திறந்து திரும்ப மூடிக்கொண்டார். அந்த நாட்களில்தான் சொந்தக்காரர்கள் வந்து குவிந்தார்கள். "இனிமே என்ன, வீட்டுக்குக் கொண்டு போயிருங்க" என்று பெரியவர் ஒருத்தர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இந்தப் பேச்சும் எங்கள் கரையில் சகஜம், இதுவும் மதுரைப் பேச்சைப் போலவே ஆளைக் கொல்லக்கூடியது. கசிவு வந்த முதல் நாளில் ஆள் எப்படி இருக்கிறார் என்பதை வைத்து முடிவு கட்ட முடியாது. அவசரப்பட்டுக் கைவிடாதீர்கள், குறைந்தது இரண்டாவது முழு நாள் வரைக்குமாவது முழுச் சிகிச்சையும் கொடுங்கள் என்று அமெரிக்க இதயச் சங்கத்தின் 2022 வழிகாட்டுதலே சொல்கிறது. கைவிட்டால் செத்துத்தான் போவார்கள்; அப்புறம், "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்லவும் ஆள் இருக்கும். அண்ணன் அந்தப் பெரியவரை எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். நகரவே இல்லை.

நர்ஸ் ஒருத்தர் மதினியை நிமிர்த்தி உட்கார வைத்து ஒரு ஸ்பூன் தண்ணீர் மட்டும் கொடுத்து, விழுங்குகிறாரா, இருமுகிறாரா என்று தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தார். இருமினார். மூக்கு வழிக் குழாயிலேயே கஞ்சி தொடர்ந்தது. அந்த ஒரு ஸ்பூன் சோதனையைத் தாண்டாமல் வாய் வழியாக ஊட்டி, நிமோனியா வந்து போனவர்களை எனக்குத் தெரியும், பாசத்தில் ஊட்டியவர்கள்தான். வீட்டுக்கு வந்த பிறகு யாரோ புறா ரத்தம் தேய்க்கச் சொன்னார்கள். அதற்குச் செலவழிக்கும் காசை ஆட்டோவுக்கு வைத்துக்கொண்டு பிசியோதெரபிக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். கசிந்த ரத்தம் மெல்ல மெல்லக் கரைந்து உறிஞ்சப்பட மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் கையையும் காலையும் வேலை வாங்கினால்தான் மூளை வேறு வழி பழகும். இப்போது மதினி சுவரைப் பிடிக்காமல் நடக்கிறார். பேச்சு வந்துவிட்டது, சில பெயர்கள் மட்டும் தாமதமாக வரும். வலது கை விரல்கள் மடங்குகின்றன, முழுசாக நீள்வதில்லை. கடலுக்குப் போக முடியாது.

அட்டையை வெட்டிக் கொடுப்பது

இதெல்லாம் விழுந்த பிறகு செய்கிற காரியம். என் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல் தொங்குகிறது, மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுப்பதற்கு. "அஞ்சு மாத்திரை மட்டும் வெட்டிக் குடுங்க" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பிரஷர்காரர்கள். அம்லோடிபின் மாத்திரை ஒரு டீ விலைக்குள் அடங்கிவிடும், ஆனால் ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, கையில் காசு இருக்காது. அந்த 61 நாளில் என் கத்தரிக்கோலுக்கு வேலை அதிகம். அரசு இலவசமாகக் கொடுக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டு வாசலுக்கே மாத்திரை வருகிறது; எங்கள் தெருவுக்கு வருகிற சகோதரி வெயிலில் நடந்து வீடு வீடாக ஏறி இறங்குகிறவர். அவர் வருகிற நேரத்தில் ஆண்கள் கடலில் இருப்பார்கள், இல்லையென்றால் ராத்திரி முழுக்க வலை இழுத்துவிட்டுத் தூங்குவார்கள். பெண்கள் பாசிக்கும் கருவாட்டுக்கும் போயிருப்பார்கள். மாத்திரை வீட்டுக்கு வந்துவிடுகிறது, பட்டையைக் கட்டிப் பிரஷர் பார்க்க ஆள் வீட்டில் இருப்பதில்லை.

அதைவிடப் பெரிய தடை, "நார்மல் ஆயிருச்சு, நிப்பாட்டிட்டேன்" என்பது. நார்மல் ஆனது மாத்திரையால். நிறுத்தினால் சில நாட்களில் பழைய இடத்துக்கே ஏறும். இதைச் சொல்லாத நாளே எனக்கு இல்லை.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது. கருவாட்டுக் குழம்பு வைக்கிற வீட்டில் அந்தக் கணக்கு நிற்காது. கருவாட்டை விடுங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை, அது எங்கள் சோறு. வெந்நீரில் ஊற வைத்து இரண்டு தண்ணீர் மாற்றிக் கழுவிவிட்டு, குழம்பில் தனியாக உப்புப் போடாதீர்கள் என்று சொல்கிறேன். வடசீனக் கிராமங்களில் 20,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு, கால் பங்கு பொட்டாசியம் உப்பு கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021-இல் வந்தது. பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அந்த உப்பைத் தொடக் கூடாது. வாலிநோக்கத்தில் அரசு உப்பளம் வைத்திருக்கிற மாவட்டம் இது. அப்படியொரு உப்பு ரேஷன் கடைக்கு வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

மதினியை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு அண்ணன் மகனுக்கும் பட்டையைக் கட்டிப் பார்த்தேன். 164-க்கு 102. வேறு வேறு நாட்களில் பார்த்தும் இறங்கவில்லை. டாக்டரிடம் அனுப்பினேன், மாத்திரை எழுதிக் கொடுத்தார். அட்டை அப்படியே இருந்தது. ஏன் போடவில்லை என்று கேட்டதற்குத் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "பிரஷர் மாத்திரை போட்டா கிறுகிறுன்னு வரும்ங்கிறாங்க சித்தப்பா. ராத்திரி வலைய இழுக்கும்போது அப்படி வந்து தண்ணிக்குள்ள விழுந்துட்டா?" நியாயமான பயம். இத்தனை வருஷம் கடையில் நின்றும் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் வாய்விட்டுக் கேட்டதில்லை. எத்தனை பேர் இதை மனதில் வைத்துக்கொண்டு அட்டையை அப்படியே வைத்திருக்கிறார்களோ. டாக்டரிடம் இதையே சொல்லச் சொல்லி மறுபடி கூட்டிப் போனேன். குறைந்த அளவில், கரையில் இருக்கும் நாட்களில் ஆரம்பிக்கச் சொன்னார். எழுந்து நிற்கும்போது பிரஷர் சரிகிறதா என்று தனியாகப் பார்த்தார், சரியவில்லை. அதற்குப் பிறகுதான் கடலுக்குப் போகும் நாளிலும் போட ஆரம்பித்தான். அட்டையைப் பாலிதீன் பையில் சுற்றி, சோற்றுத் தூக்கோடு எடுத்துப் போகிறான். போன மாதம் பார்த்தபோது 138-க்கு 86. இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும்.

அவன் படகில் இருக்கும் மற்றவர்கள் இப்போது மிஷினைக் கேட்கிறார்கள். கடலுக்குப் போகும் நாளில் அனுமதி டோக்கன் வாங்க எல்லாரும் ஒரே இடத்துக்கு வருவார்கள். அங்கே ஒரு மேசை போட்டால் நானே வந்து பார்க்கிறேன், மக்களைத் தேடி மருத்துவச் சகோதரியையும் அந்த நேரத்துக்கு வரச் சொல்லிக் கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். சங்கத்தில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். தடைக்காலத்துக்கு முன்னாலேயே தொடங்கிவிட வேண்டும் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.